கொரோலா 110 என்ஜினுக்கு வாங்கிய பெயரிங்குகளும் உள்ளுறுப்புகளும்: 6,200 கிலோமீற்றருக்குப் பின்னர் ஒரு மதிப்பீடு

என்னிடம் உள்ள 1998ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா 110இன் என்ஜினைக் கடந்த வருடம் முழுமையாகப் பிரித்து, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்கைத் தீட்டி, மீண்டும் பூட்டினோம். அதற்காகக் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கிய பிக் என்ட் பெயரிங்குகள் (பிஸ்டனின் கொன்ரொட் கிராங்கைப் பற்றும் இடத்துக்குரியவை), மெயின் பெயரிங்குகள் (கிராங் என்ஜின் புளொக்கில் சுழலும் இடத்துக்குரியவை), திரஸ்ட் வாஷர்கள், பிஸ்டன் ரிங்குகள், ஒயில் பம்ப், கஸ்கெட் தொகுதி ஆகியவற்றையும், கிராங்கைத் தீட்டித் தந்த லேத் பட்டறையின் வேலையையும் பற்றியே இங்கு எழுதுகிறேன். என்ஜின் மீண்டும் ஓடத் தொடங்கி 6,200 கிலோமீற்றர் கடந்துவிட்டது என்பதால், வாங்கிய அன்றைய உற்சாகத்தில் எழுதப்பட்ட மதிப்பீடாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெயரிங்குகளில் எனக்குக் குறையில்லை. ரிங்குகளும் ஒயில் பம்பும் கொடுத்த காசுக்கு மேலாகவே உழைக்கின்றன. கஸ்கெட் தொகுதியில் மட்டும் கஞ்சத்தனம் பார்த்தேன். அதன் பலனை இன்றும் மூக்கால் அனுபவிக்கிறேன்.

இவ்வளவு செலவு செய்து 27 வயதுக் காரின் என்ஜினைப் பிரிப்பது புத்திசாலித்தனமா என்று வீட்டிலும் கேட்டார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோதிலும், வரிகளோடு சேர்த்துப் புதிய காரின் விலையைக் கேட்கும்போது என் போன்ற மாதச் சம்பளக்காரருக்குப் பழைய கொரோலாவின் மீது பாசம் கூடத்தான் செய்கிறது. ஜப்பானில் கழற்றி இறக்குமதி செய்யப்பட்ட பழைய என்ஜின் ஒன்றை வாங்கிப் போடுவது இரண்டாவது வழி. ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாங்கும்போது எவரும் திறந்து காட்டப் போவதில்லை. என்ஜின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிவு செய்யும் அலைச்சலும் உண்டு. அதனால் இருப்பதையே சீர்செய்வதென்று முடிவெடுத்தேன்.

நோய் தெரிய வந்தது பொரளைச் சந்தியில். என்ஜின் நன்றாகச் சூடேறிய பின்னர் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதெல்லாம் ஒயில் விளக்கு மினுங்கத் தொடங்கியது. சில வாரங்களில் மேட்டில் ஏறும்போது மரக்கதவை விரல் மூட்டால் தட்டுவது போன்ற ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. ஒருவர் 20-50 ஒயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்றார். தடித்த ஒயில் சத்தத்தைக் கொஞ்ச நாள் மூடி வைக்குமே தவிர, தேய்ந்த இடத்தை நிரப்பாது. தெமட்டகொடையில் கராஜ் வைத்திருக்கும் எங்கள் அண்ணை ஒயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் அழுத்தமானியைப் பூட்டிப் பார்த்தார். இந்த 5ஏ-எஃப்ஈ என்ஜினுக்கு ஐட்லிங்கில் சதுர சென்றிமீற்றருக்கு 0.3 கிலோவாவது இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 2.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். என்னுடையதில் ஐட்லிங்கில் முள் 0.2ஐத் தொட்டும் தொடாமலும் நின்றது. 3,000 சுற்றில் 1.6ஐத் தாண்டவில்லை. மூன்றாம் சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றியவுடன் தட்டும் சத்தம் பாதியாகக் குறைந்தது. "தம்பி, இனி ஓட வேண்டாம். ஓடினால் கொன்ரொட் புளொக்கைக் குத்திக்கொண்டு வெளியில வரும்" என்றார்.

பிரித்தபோது அவர் சொன்னது சரியென்று தெரிந்தது. மூன்றாம் கொன்ரொட்டின் மேல் ஷெல்லில் (ஒரு பெயரிங் என்பது இரண்டு அரைவட்ட ஷெல்கள்தான்), வெடிப்பின் அழுத்தம் முழுவதும் வந்து விழும் அந்த வளைவில், சாம்பல் நிற மேற்பூச்சு அடியோடு போய்ச் செம்பு நிறம் உள்ளங்கை ரேகை போலத் தெரிந்தது. நகத்தால் வருடினால் கீறல்கள் தட்டுப்பட்டன. அதைவிட முக்கியமானது ஷெல்லின் முதுகில் இருந்தது: ரொயோட்டாவின் அடையாளம் இல்லை, வேறு ஏதோ நிறுவனத்தின் முத்திரையும் ஸ்டாண்டர்ட் என்ற குறியும் மட்டுமே இருந்தன. அதாவது, என்ஜின் திறக்கப்படவே இல்லை என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட இந்தக் காரை எவரோ முன்பே திறந்து, தேய்ந்த கிராங்கை அளக்காமல், ஸ்டாண்டர்ட் ஷெல்லைப் போட்டு மூடியிருக்கிறார். பெயரிங் வாங்குவதில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்த ஒரு ஷெல்லின் முதுகிலிருந்தே வந்தது. அளவெடுக்கும் வரை ஒரு பாகத்தையும் வாங்குவதில்லை என்று அண்ணையும் நானும் பேசி வைத்துக்கொண்டோம்.

கிராங்கை லேத் பட்டறைக்குக் கொண்டு சென்று, மைக்ரோமீற்றரால் அளக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். இந்த என்ஜினின் பிக் என்ட் ஜேர்னலின், அதாவது பெயரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதியின், ஸ்டாண்டர்ட் விட்டம் 39.985 முதல் 40.000 மில்லிமீற்றர் வரை. மெயின் ஜேர்னலுக்கு 47.982 முதல் 48.000 வரை. மூன்றாம் பிக் என்ட் ஒரு திசையில் 39.962 ஆகவும் அதற்குக் குறுக்காக அளந்தபோது 39.931 ஆகவும் இருந்தது. வட்டம் முட்டை வடிவமாகிவிட்டது என்பதே இதன் பொருள். அனுமதிக்கப்படும் வேறுபாடு 0.02 மட்டுமே. எனவே நான்கு பிக் என்ட்களையும் 0.25 குறைத்து, அதாவது 39.745 முதல் 39.755 வரையான அளவுக்குத் தீட்டுவதென்று தீர்மானமாயிற்று. மெயின் ஜேர்னல்கள் ஐந்தும் ஸ்டாண்டர்ட் அளவுக்குள்ளேயே இருந்ததால் மினுக்கினால் மட்டும் போதுமானதாக இருந்தது. "மெயினையும் சேர்த்து வெட்டிவிடுவோமே, ஒரே வேலையாக முடியும்" என்று பட்டறையில் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. தீட்டிய இரும்பை மீண்டும் ஒட்ட முடியாது என்பதோடு, அடுத்த தடவைக்கும் ஓர் அளவு மிச்சமிருக்க வேண்டும்.

அளவுத்தாள் கையில் இருந்தால் பஞ்சிகாவத்தை வேறொரு ஊராகத் தெரிகிறது. "110க்கு பிக் என்ட் செட் ஒன்று" என்று கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலும், "5ஏ-எஃப்ஈ, பிக் என்ட் 0.25, மெயின் ஸ்டாண்டர்ட்" என்று கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றல்ல. ஆனாலும் முதல் கடையில் நான் ஏமாந்தேன். கடையின் பெயரும் பெட்டியில் இருந்த பெயரும் இங்கு வேண்டாம். பெட்டியின் பெயருக்குரிய நிறுவனம் அதைச் செய்திருக்கும் என்று நான் நம்பவும் இல்லை. விலை மற்றக் கடைகளை விட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கராஜுக்குக் கொண்டுவந்து வெள்ளைத் துணியில் எட்டு ஷெல்களையும் வரிசையாக வைத்தபோது, ஷெல்லை நகராமல் நிறுத்தும் பூட்டுக் காதுகளின் விளிம்புகள் கத்தரிக்கோலால் வெட்டிய தகரம் போல ஒழுங்கற்றிருந்தன. இரண்டு ஷெல்களில் ஒயில் துவாரம் கொன்ரொட்டின் துவாரத்தோடு பாதியளவே பொருந்தியது. உருண்டை முனை மைக்ரோமீற்றரால் நடுத் தடிப்பை அளந்தோம்: எட்டுக்கும் இடையில் 0.02 மில்லிமீற்றர் வேறுபாடு இருந்தது. ரொயோட்டா தன் ஸ்டாண்டர்ட் பிக் என்ட் ஷெல்களை 1.486 முதல் 1.498 மில்லிமீற்றர் வரை மூன்று இலக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் 0.004 மட்டுமே விடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், 0.02 எவ்வளவு பெரிய பள்ளத்தாக்கு என்பது விளங்கும். திருப்பிக் கொடுக்கச் சென்றேன். பெட்டி திறந்துவிட்டது, எடுக்க முடியாது என்றார்கள். அந்த எட்டு ஷெல்களும் இன்று அண்ணையின் கராஜில், வேலை பழகும் பையன்களுக்கு அளக்கக் கற்றுக்கொடுக்கப் பயன்படுகின்றன.

இரண்டாவது கடையில் இருந்த, நானா என்று நாங்கள் அழைக்கும் கடைக்காரர், நான் வாய் திறந்து மாதிரியைச் சொல்லும் முன்பே, "கிராங் தீட்டியாச்சா, தீட்டப் போறீங்களா?" என்று கேட்டார். இன்னும் தீட்டவில்லை, அளவு மட்டும் எடுத்திருக்கிறேன் என்றவுடன், "நல்லது. செட்டைக் கொண்டு போய் லேத்தில கொடுங்க. ஷெல்லைப் பார்த்துத்தான் தீட்டோணும்" என்றார். இது சரியான வரிசை. ஷெல்லைப் பூட்டிக் குறித்த முறுக்கில் இறுக்கி, உள் விட்டத்தை அளந்து, அதற்கேற்பவே ஜேர்னலின் கடைசிச் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றரைத் தீட்ட வேண்டும். அவரிடம் 0.25 அளவில் ஜப்பானின் தைஹோ, டைடோ, என்டிசி ஆகியவற்றின் செட்களும் இஸ்ரேலின் கிங் செட்டும் இருந்தன. தைஹோ ரொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம். ரொயோட்டா பெட்டியில் வரும் ஷெல்லின் முதுகிலேயே பல சமயங்களில் அதன் அடையாளத்தைக் காணலாம். கையில் எடுத்துப் பார்த்தால் டைடோவுக்கும் தைஹோவுக்கும் வேலைப்பாட்டில் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம். விலையில் கிடைத்த சிறு சலுகைக்காகவே தைஹோவை எடுத்தேன். எட்டு ஷெல்களுக்கும் இடையே மைக்ரோமீற்றரால் எங்களுக்குப் பிடிபடக்கூடிய வேறுபாடு இருக்கவில்லை.

பெயரிங்கின் உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியக் கலவை பூசிய ஷெல் கடினமானது, நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ஒயிலில் வரும் தூசியைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும் குணம் அதற்குக் குறைவு. செம்புக் கலவையின் மேல் மெல்லிய மென்பூச்சுள்ள மூன்றடுக்கு ஷெல் தூசியை விழுங்கிக்கொள்ளும். ஆனால் அந்தப் பூச்சு கெதியில் தேய்ந்துவிடும். பந்தயக் கார் ஓட்டாத, ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயிலும் பில்டரும் மாற்றுகிற ஒருவருக்கு அலுமினிய ஷெல்லே போதும்.

மெயின் பெயரிங்கின் கதை வேறு. புளொக்கின் மீது ஐந்து இலக்கங்களும் கிராங்கின் மீது ஐந்து இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தந்த இடத்தின் இரண்டையும் கூட்டினால் வரும் எண்தான் அங்கு போட வேண்டிய ஷெல்லின் இலக்கம். புளொக்கில் 2, கிராங்கில் 1 என்றால் மூன்றாம் இலக்க ஷெல். என்னுடைய என்ஜினில் முறையே 3, 3, 4, 3, 2 என்று வந்தது. வெளி நிறுவனங்களின் ஸ்டாண்டர்ட் செட் பெரும்பாலும் ஒரே தடிப்பில், ஏறத்தாழ நடு இலக்கத்துக்கு ஒத்ததாக வரும். அதைப் போட்டிருந்தால் தடித்த நான்காம் இலக்கம் வேண்டிய நடு மெயினில் சற்றுத் தளர்வாகவும், மெல்லிய இரண்டாம் இலக்கம் வேண்டிய கடைசி மெயினில் சற்று இறுக்கமாகவும் இருந்திருக்கும். ஓடாது என்று சொல்ல மாட்டேன். கொழும்பில் ஓடும் பல என்ஜின்கள் அப்படித்தான் ஓடுகின்றன. எனக்கு மனம் ஒப்பவில்லை. ரொயோட்டாவின் ஜெனுவின் பாகங்கள் விற்கும் கடையொன்றில் பாக இலக்கங்களைக் கொடுத்து ஐந்து சோடி ஷெல்களையும் தனித்தனியே ஓடர் செய்தேன். தைஹோ பிக் என்ட் செட்டை விட ஏறத்தாழ மூன்று மடங்கு விலை; வந்து சேர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் 138 பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போனேன் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திரஸ்ட் வாஷரைப் பலர் பழையதையே திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். கியரை மாற்றிக் கொண்டே ஊர்ந்து செல்லும் காலி வீதி நெரிசலில், கிளச்சை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் கிராங்கை முன்னால் தள்ளும் விசையை நடு மெயினில் உள்ள இந்தப் பிறை வடிவத் தகடுகளே தாங்குகின்றன. என் என்ஜினில் கிராங்கின் முன்பின் அசைவு 0.27 மில்லிமீற்றராக இருந்தது, எல்லை 0.30. புதிய வாஷர்களைப் போட்ட பின்னர் 0.14. ஒயில் பள்ளங்கள் உள்ள முகம் கிராங்கைப் பார்த்து வெளிப்புறமாக இருக்க வேண்டும். விலை அற்பம். இதில் மிச்சம் பிடிப்பவரை எனக்கு விளங்கவில்லை.

சிலிண்டர்களில் தேய்வு மிகக் குறைவாக இருந்ததால் ரிபோர், அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது, தேவைப்படவில்லை. குறுக்கு வரிகள் தெரியும்படி ஹோன் செய்து ஸ்டாண்டர்ட் அளவு ரிக்கன் ரிங்குகளைப் போட்டோம். என்பிஆரும் (நிப்பொன் பிஸ்டன் ரிங்) அதே தரம். இரண்டு நிறுவனங்களும் 2023 ஒக்டோபரில் ஒரே குழுமமாக இணைந்துவிட்டன என்பதால் இரண்டில் எது உயர்ந்தது என்ற கராஜ் விவாதம் இனி எப்படித் தொடரும் என்று தெரியவில்லை. ஒவ்வொரு ரிங்கையும் அதற்குரிய சிலிண்டருக்குள் வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை அளந்தோம். 78.7 மில்லிமீற்றர் விட்டத்துக்கு மேல் ரிங்கில் 0.31 அளவில் இருப்பது பொதுக் கணக்கு, எங்களுக்கு 0.30 முதல் 0.34 வரை வந்தது, அரம் போட வேண்டியிருக்கவில்லை. பழைய பிஸ்டன்களை வைத்துக்கொண்டோம். ஆனால் ஒயில் ரிங் பள்ளத்தின் துவாரங்கள் கரியால் முற்றாக அடைபட்டிருந்தன. மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து மெல்லிய செம்புக் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தோம். இதைச் செய்யாமல் புது ரிங் போட்டால் ஒயில் குடிப்பது நிற்காது.

ஒயில் பம்ப் ஐசின். பழையதன் ரோட்டர் உறையில் கீறல்கள் இருந்ததால் யோசிக்கவே இல்லை. பூட்டும் முன்பு உள்ளே வசலின் பூசி நிரப்பினோம். முதல் சுழற்சியிலேயே ஒயிலை உறிஞ்ச அது உதவும். என்ஓகே ஒயில் சீல்கள், பாண்டோ டைமிங் பெல்ட், ஜிஎம்பி தண்ணீர்ப் பம்ப் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல விசேடமாக எதுவுமில்லை, நன்றாக இருக்கின்றன.

லேத் பட்டறைக்கு வருகிறேன். தீட்டிய வேலை அருமை. நான்கு ஜேர்னல்களும் 39.748க்கும் 39.751க்கும் இடையில் வந்தன. ஜேர்னல் சுவரோடு சேரும் மூலையில் உள்ள வளைவையும் கூர்மையாக்காமல் காத்திருந்தார்கள். அந்த வளைவு போனால் கிராங் அவ்விடத்தில்தான் வெடிக்கும். ஆனால், "கழுவித்தான் தந்திருக்கிறோம்" என்று சொல்லித் தந்த கிராங்கின் ஒயில் துவாரங்களுக்குள் அண்ணை புட்டிக் கழுவும் மெல்லிய பிரஷை விட்டு இழுத்தபோது, ஈரச் சீமெந்து போன்ற சாம்பல் நிறச் சேறு வந்தது: கல்லின் தூளும் இரும்புத் தூளும். அப்படியே பூட்டியிருந்தால், தேடித் தேடி வாங்கிய ஷெல்கள் முதல் பத்து நிமிடத்திலேயே கீறப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய், பிரஷ், கொம்ப்ரசர் காற்று என்று மூன்று தடவை மாறி மாறிச் செய்த பிறகே வெள்ளைத் துணியில் கறை படியாமல் வந்தது. தீட்டுவதற்கு அதே பட்டறைக்குத் திரும்பவும் செல்வேன். கழுவுவதற்கு அவர்களை நம்ப மாட்டேன்.

பூட்டும்போது ஷெல்லுக்கும் ஜேர்னலுக்கும் இடையிலான ஒயில் இடைவெளியை அறிய, ஒவ்வொரு ஜேர்னலிலும் நசுங்கக்கூடிய பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து இறுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள அளவுகோலோடு ஒப்பிட்டோம். பழைய ஷெல்லில் மூன்றாம் பிக் என்ட் 0.11 காட்டியிருந்தது, எல்லை 0.08. புதியதில் நான்கும் 0.038ஐ ஒட்டி வந்தன. ரொயோட்டாவின் திருத்தக் கையேடு ஸ்டாண்டர்ட் ஷெல்லுக்குச் சொல்லும் 0.020 முதல் 0.051 வரையான அளவுக்கு அது நடுவில் விழுகிறது. மெயின்கள் ஐந்தும் 0.03க்குள் ஒரே மாதிரி இருந்தன. தனித்தனி இலக்கம் வாங்கிய மூன்று வாரத்துக்கு அங்கேதான் பதில் கிடைத்தது.

இன்று சூடான என்ஜினில் ஐட்லிங் அழுத்தம் 0.9, 3,000 சுற்றில் 3.6. ஊற்றுவது 10-30 ஒயில்தான். முதல் ஆயிரம் கிலோமீற்றரில் ஒயிலை மாற்றியபோது பில்டரை வெட்டிப் பிரித்துப் பார்த்தோம். மடிப்புகளில் ரிங் படியும்போது வரும் மெல்லிய மினுக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஐயாயிரத்தில் வெட்டியபோது அதுவும் இல்லை. இடையில் ஒரு தடவை கடுகண்ணாவை ஏற்றத்தில் ஐந்து பேரோடும் கண்டிக்கான பொதிகளோடும் ஏறினோம். தட்டும் சத்தம் வருமா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியாது.

மிஞ்சியிருப்பது கஸ்கெட். ஹெட் கஸ்கெட்டை மட்டும் ஜெனுவினாக வாங்கிவிட்டு, மற்றவற்றைப் பெயர் தெரியாத ஒரு மலிவுத் தொகுதியிலிருந்து போட்டோம். வால்வு மூடியின் ரப்பர் கஸ்கெட் நான்காவது மாதத்திலேயே ஒரு மூலையில் இறுகி, எக்ஸோஸ்ட் பக்கமாக ஒயிலைக் கசியவிடுகிறது; வெள்ளவத்தைச் சந்தியில் நின்றால் எரிந்த ஒயிலின் மணம் காருக்குள் வருகிறது. நானாவின் கடையில் ஜெனுவின் கஸ்கெட்டை வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணை கராஜைத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்.